அறுபத்தொன்றாம் பக்கத்து அடிக்குறிப்பு

சிவமயம்

திருநெல்வேலி டவுண்,
17-10-1909

அன்புள்ள காஜா முகைதீனுக்குப் பூதலிங்கம் எழுதியது.

கொழும்பிலிருந்து நீர் அனுப்பிய கடிதக் கட்டு தூத்துக்குடி வந்து, ரயிலேறி, நனையாமல் என் கைக்கு வந்து சேர்ந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை, காலேஜில் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடிந்ததும் குறுக்குத்துறையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஆற்றைக் கடந்து, மேலப்பாளையத்தில் உம் வீட்டுக்குப் போய்விட்டேன்.

உம் வாப்பா தாவூது சாகிபு வழக்கம்போல் முன்னறையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். உமக்கு மூத்த லாத்தா ஆபிதா பீவி திரைக்கு உள்ளே இருந்து வாசிக்க, நான் எழுதினேன். நீர் தமிழையே அரபு எழுத்தில் எழுதி அனுப்புகிறீர். எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. தெருப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற லாத்தாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கன யாரையோ ஏசி எழுதிருக்கான் தம்பி, அத விட்டுருவமா?" என்று கேட்டாள். விடக்கூடாது என்று சொன்னேன். ஆராய்ச்சி என்றால் ஒரு சொல்லும் குறையக்கூடாது, ஏச்சும் சாட்சிதான் என்று விளக்கினேன். அவள் சிரித்துக்கொண்டே அதையும் வாசித்தாள். அதுமுதல் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "எழுதியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறாள்.

எங்கள் காலேஜ் துரை சொன்னதை உமக்கு முன்பே எழுதியிருக்கிறேன். முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ராஜ்யங்களில் ஜனப்பிரதிநிதி சபை நிலைக்காது, அது அவர்கள் சுபாவத்திலேயே இல்லை என்கிறார். பாரசீகத்தில் மூன்று வருஷத்துக்கு முன் சபை கூடியது, போன வருஷம் அதைப் பீரங்கி வைத்து உடைத்தார்கள். துருக்கியில் முப்பது வருஷம் பூட்டிக் கிடந்த சபை போன வருஷம் திறந்தது. உடைந்தது எதனால், திறந்தது எதனால் என்று ஆதாரத்தோடு ஒருவன் எழுதினால் துரை பதில் சொல்லித்தானே ஆகவேண்டும். இந்தியர்களாகிய நம்மையும் சபைக்குத் தகுதியில்லாதவர்கள் என்று சொல்வது அதே வாய்தான்.

அடுத்த கட்டில் தப்ரீஸ் நகரத்து முற்றுகை பற்றி எழுதும்.

பூதலிங்கம்

*

786

கொழும்பு, புறக்கோட்டை,
2-11-1909

பூதலிங்கத்துக்குக் காஜா முகைதீன் எழுதிக்கொண்டது. ஆண்டவன் கிருபையால் உடம்புக்கு ஒன்றும் இல்லை, கடையில் வியாபாரந்தான் சுகமில்லாமல் கிடக்கிறது.

நான் மேலப்பாளையத்துக் கைலி விற்கிறவன். கப்பல்காரர்கள் கெய்ரோவிலிருந்து கொண்டுவரும் பத்திரிகையைக் கெஞ்சி வாங்கி, மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் உமக்காக உட்கார்ந்து எழுதுகிறேன். முதலாளி போன வாரம், "என்னவே, கடைக் கணக்க அரபுல எழுதுதீரா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரத்தில் உம் பக்கத்தில் உட்கார்ந்த பாவம் இன்னும் தீரவில்லை.

தப்ரீஸில் பத்து மாதம் வழியை அடைத்துப் போட்டதில் ஜனங்கள் புல்லைப் பிடுங்கித் தின்றிருக்கிறார்கள். அப்படியும் சபை வேண்டும் என்றுதான் சொன்னார்கள். இதை நீர் எப்படி எழுதுவீர் என்று எனக்குத் தெரியும். 'உணவுத் தட்டுப்பாடு நிலவியது' என்று எழுதுவீர். புல் என்று எழுதும் வே.

ஒரு காரியம். உம் புஸ்தகத்தில் என் பெயரை எங்கும் போடாதேயும். நான் பரதேசத்தில் ஒருவன் கடையில் நிற்கிறவன். உமக்குக் காலேஜ் இருக்கிறது.

காஜா

*

786

கொழும்பு,
24-11-1912

பூதலிங்கத்துக்கு,

இதையும் அரபு எழுத்தில்தான் எழுதுகிறேன். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாக வரைய இன்று பொறுமை இல்லை. லாத்தாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லும்.

நாலு ராஜ்யங்கள் சேர்ந்துகொண்டு துருக்கியின் மேல் விழுந்திருப்பதை நீரும் படித்திருப்பீர். எதிர்னே கோட்டையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். இங்கே பள்ளிவாசலில் கூடினோம். காயம்பட்டவர்களுக்கு மருந்து அனுப்ப நிதி திரட்டினோம். நானும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறினேன். சிங்களவர்களும் செட்டிமார்களும்கூடப் போட்டார்கள்.

எனக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியாது. ஆனாலும் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. கப்பல் கிடைத்திருந்தால் நானே போய் அந்தக் கோட்டைச் சுவரில் துப்பாக்கியோடு நின்றிருப்பேன். நம்மை ஆளுகிறவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இவர்களே ஒருநாள் துருக்கிக்கு எதிரே நின்றால் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று என்னிடம் கேட்காதேயும்.

உம்மைத் தவிர இதை யாருக்கு எழுத? கோபம் தணிந்ததும் பத்திரிகைச் செய்தி அனுப்புகிறேன்.

காஜா

*

சிவமயம்

திருநெல்வேலி டவுண்,
8-12-1912

அன்புள்ள காஜாவுக்கு,

லாத்தா வாசித்தாள். எந்தப் பக்கம் நிற்பேன் என்ற வரி வரும்போது குரல் தாழ்ந்தது, ஆனால் விடவில்லை. வாப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கும் மனது சரியில்லை.

இப்போது நான் எழுதப்போவதைப் படித்துவிட்டுக் கோபப்படாதேயும். உம் கடிதம் என் புஸ்தகத்துக்கு வேண்டும். துருக்கியைக் கண்ணால் பார்த்திராத ஒரு நெசவுக்காரர் மகன் கொழும்பில் உட்கார்ந்து மூன்று நாள் சாப்பிடாமல் இருக்கிறான். இது ஏன் என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. துரை இதை மதவெறி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அது வெறும் மதவெறி அல்ல என்பதற்கு உம் கடிதத்தைவிட நல்ல ஆதாரம் என்னிடம் இல்லை. துப்பாக்கியையும் அதற்குப் பிறகு வருகிற வரிகளையும் தொடமாட்டேன். சோறு இறங்காததையும் நிதி திரட்டியதையும் மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன்.

பெயரைப் பற்றித்தான் தயக்கம். பெயரில்லாத சாட்சியைச் சாட்சி என்று எந்தச் சபையும் ஏற்காது.

பூதலிங்கம்

*

786

கொழும்பு,
22-12-1912

பூதலிங்கத்துக்கு,

எடுத்துக்கொள்ளும். என் கோபம் உமக்கு ஆதாரமாகிவிட்டது. நல்லது, ஒருவருக்காவது பிரயோசனப்படட்டும்.

பெயர் வேண்டாம். முன்னேயும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். மணியாச்சியில் கலெக்டரைச் சுட்டதற்குப் பிறகு உங்கள் ஜில்லாவில் ஒரு காகிதத்தில் எழுதின பெயர் எங்கெங்கே போனது, யார் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்று நீர்தானே எனக்கு எழுதினீர். 'கொழும்பிலுள்ள ஒரு வியாபாரி' என்று போட்டால் போதும்.

காஜா

*

சிவமயம்

திருநெல்வேலி டவுண்,
1-3-1914

அன்புள்ள காஜாவுக்கு,

புஸ்தகம் இத்தோடு வருகிறது. 'முகம்மதிய ராஜ்யங்களில் பிரதிநிதி சபைகள்: ஓர் ஆராய்ச்சி' என்று இங்கிலீஷில் பெயர். சென்னையில் ஒரு சரித்திரச் சங்கம் பரிசு கொடுத்து நூறு பிரதி அச்சடித்திருக்கிறது. துரை என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். கொள்கையை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் ஆதாரங்கள் மிகவும் ஒழுங்காக இருக்கின்றன என்றார்.

அந்த ஒழுங்கைப் பற்றி நான் உம்மிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அறுபத்தொன்றாம் பக்கத்து அடிக்குறிப்பில் உம் பெயர் இருக்கிறது. முழுப் பெயர், தகப்பனார் பெயர், ஊர், கடிதத்தின் தேதி எல்லாம் இருக்கிறது. வேண்டாம் என்று இரண்டு தடவை எழுதினீர். சங்கத்தார் கேட்டார்கள் என்பது ஒரு காரணம். ஐந்து வருஷம் மத்தியானச் சோற்றை ஆறவிட்டு எனக்காக எழுதிய மனிதனை 'ஒரு வியாபாரி' என்று போட எனக்குக் கை வரவில்லை என்பது மற்றொன்று. என் பெண்சாதி பிரம்மநாயகிகூட, "அவியதான் வேண்டாம்னு சொல்லுதாவ, உங்களுக்கு என்ன?" என்று கேட்டாள். நான் கேட்கவில்லை.

முன்னுரையில் ஒவ்வோர் அடிக்குறிப்பையும் மூலக் கடிதத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன், மூலங்கள் என் வசம் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறேன்.

பூதலிங்கம்

*

786

கொழும்பு,
17-3-1914

பூதலிங்கத்துக்கு,

புஸ்தகத்தைப் பிரித்ததும் கோபம் வந்தது. உம்மை நாலு வார்த்தை ஏசவும் செய்தேன், கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் லாத்தா கடிதம் வந்தது. நீர் அந்தப் பக்கத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினீராம். வாப்பா, "எம் பேரும் இருக்கா?" என்று மூன்று தடவை கேட்டாராம். அந்தப் பிரதியைத் தறிக்காரர் எல்லாருக்கும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். இங்கிலீஷ் தெரிந்தவன் ஒருத்தன்கூட இல்லாத தெருவில் எல்லாரும் படித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு உம்மேல் எப்படிக் கோபப்படுவது? புல் என்றே எழுதியிருக்கிறீர். அதையும் பார்த்தேன்.

காஜா

*

சிவமயம்

திருநெல்வேலி டவுண்,
22-11-1914

காஜாவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். துருக்கியும் சண்டையில் இறங்கிவிட்டது, அதுவும் நம் சர்க்காருக்கு எதிர்ப்பக்கத்தில். உமக்குத் தெரியாததல்ல. அங்கே கூட்டம், நிதி என்று யார் கூப்பிட்டாலும் போகாதேயும். பத்திரிகை வாங்காதேயும்.

காலேஜ் துரை நேற்று என்னை அழைத்து, விற்காத பிரதிகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். வெளியே இருப்பவற்றையும் திரும்ப வாங்கச் சொன்னார். எழுபத்திரண்டு சேர்ந்தது. மற்றவை யார் யாரிடம் என்று தெரியவில்லை. உம் வாப்பாவிடம் கேட்டேன். "எம் பேரு இருக்க தாள எதுக்குத் தரணும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முடிந்தால் ஊருக்கு வந்துவிடும். கடை போனால் போகட்டும்.

பூதலிங்கம்

*

முகாமிலிருந்து,
9-1-1915

பூதலிங்கத்துக்கு,

இந்தக் காவல் முகாமில் மாதத்துக்கு ஒரு தாள்தான் தருகிறார்கள். தமிழ் எழுத்தில்தான் எழுதவேண்டும். நான் எழுதுவதையும் எனக்கு வருவதையும் முதலில் முகாம் துரை பார்ப்பார். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுதும்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி போலீஸார் கடைக்கு வந்தார்கள். வந்தவர் கையில் உம் புஸ்தகம் இருந்தது. அறுபத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்து, இது நீதானா என்று கேட்டார். நான் என்று சொன்னேன். தகப்பன் பெயரும் ஊரும் சரியாக இருக்கும்போது வேறு என்ன சொல்வது? நிதி திரட்டியது உண்மையா என்றார். உண்மை என்றேன். அன்றைக்கு அது குற்றமில்லை என்று சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

குளிர் அதிகம். இருமல் இருக்கிறது. வாப்பாவிடம் நான் வியாபாரமாக மலைநாட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லும்.

காஜா

*

சிவமயம்

திருநெல்வேலி டவுண்,
14-2-1915

அன்புள்ள காஜாவுக்கு,

உம் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. வாப்பாவிடம் நீர் சொன்னபடி சொன்னேன். அவர் நம்பவில்லை.

உம் காரியத்தை விசாரிக்கிற துரை கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் வந்து தங்கியிருக்கிறார். போய்ப் பார்த்தேன். அந்த அடிக்குறிப்பு நானாகப் புனைந்தது, அப்படி ஒரு கடிதம் எனக்கு வரவே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் என் புஸ்தகத்தின் முன்னுரையைத் திருப்பி என் முன்னால் வைத்தார். மூலங்கள் என் வசம் இருக்கின்றன என்று நானே எழுதிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. அன்று சாயங்காலமே வீட்டுக்கு ஆள் வந்து உம் கடிதங்களை எல்லாம் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனார்கள். ஐந்து வருஷக் கடிதங்களையும் தேதி வாரியாக நூல் கட்டி வைத்திருந்தேன். அவர்களுக்குத் தேடுகிற வேலைகூட இருக்கவில்லை.

இப்போது வேறொரு சங்கடம். சென்னையிலிருந்து ஒரு முன்ஷியை வரவழைத்திருக்கிறார்கள். அரபும் உருதுவும் படித்தவர், தமிழ் அறியாதவர். உம் கடிதங்களைப் பார்த்துவிட்டு, எழுத்து அரபு எழுத்துதான், ஆனால் இது அரபும் இல்லை, உருதுவும் இல்லை, இரகசிய பாஷையாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். துரையின் முகம் மாறிவிட்டது. இது வெறும் தமிழ், மேலப்பாளையத்தில் பெண்பிள்ளைகளும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று நான் சொன்னேன். யாராவது வந்து எதிரே வாசிக்கட்டும் என்கிறார்.

பள்ளிவாசல் பக்கம் நாலு பேரைக் கேட்டேன். ஒருவரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பெயர் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் உம்மிடமிருந்து தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

லாத்தா, தான் வருகிறேன் என்கிறாள்.

பூதலிங்கம்

*

சிவமயம்

திருநெல்வேலி டவுண்,
28-3-1915

காஜா,

இதை உமக்கு முன் வாசிக்கிற துரையும் வாசிக்கட்டும். கச்சேரியில் பத்துப் பேர் பார்க்க நடந்ததுதான்.

போன வாரம் சனிக்கிழமை கூண்டு வண்டியில் முன்னும் பின்னும் துப்பட்டியைத் திரையாகக் கட்டி லாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனோம். வாப்பாவும் வந்தார். தெரு முனையைத் தாண்டி அவள் வெளியே வருவது பதினெட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்று வாப்பா சொன்னார். வழியில் நான் துப்பட்டிக்கு இந்தப் புறம் இருந்து அவளிடம் ஒன்று கேட்டேன். என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவள் சொன்ன பதிலை எழுதுகிறேன்.

"வாசிச்சா முழுசாத்தான் வாசிப்பேன் தம்பி. பாதிய விட்டுட்டு வாசிச்சா, அவன் என்னமோ தப்பா எழுதிருக்கான்னு ஆயிருமே. எந்தம்பி ஒரு தப்பும் எழுதல. நீங்கதான சொன்னிய, ஒரு சொல்லும் விடப்படாதுன்னு."



வண்டியைக் கச்சேரி வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். துரை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மொழிபெயர்க்கிறவர் ஒருவர், எழுதிக்கொள்ளும் குமாஸ்தா ஒருவர். கட்டிலிருந்து அவர்களாக ஒரு கடிதத்தை உருவித் துப்பட்டி இடுக்கில் நீட்டினார்கள். எது என்று எனக்குத் தேதியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முப்பது கடிதம் இருந்தது காஜா. புஸ்தகத்தில் அந்தத் தேதிதானே இருக்கிறது.

லாத்தா வாசித்தாள். எனக்கு வாசிப்பதுபோலவே வாசித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, "எழுதியாச்சா தம்பி?" என்று அந்தக் குமாஸ்தாவையும் கேட்டாள். எதிர்னே வந்தது. சோறு இறங்காதது வந்தது. அதற்குப் பிறகு உள்ள மூன்று வரிகளும் வந்தன. அன்றைக்கு எனக்கு வாசித்தபோது தாழ்ந்த குரல் இன்றைக்குத் தாழவில்லை. தம்பியின் மனது சுத்தம் என்பதைத் துரை கேட்கட்டும் என்று நினைத்தாள்போல. அந்த மூன்றாவது வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார் துரை. வாசித்தாள். ஒரு சொல்லும் மாறவில்லை.

இது தமிழ்தான், இரகசிய பாஷை இல்லை என்று துரை ஒப்புக்கொண்டார். அம்மாளுக்கு வந்தனம் சொல்லச் சொன்னார். வண்டி திரும்பும்போது லாத்தா என்னிடம், "தன்மையாத்தான பேசுதாவ. இனிமே விட்டுருவாவல்லா?" என்று கேட்டாள். பார்க்கலாம் அக்கா என்று சொன்னேன்.

உம்மை விடுவதில்லை என்று வியாழக்கிழமை உத்தரவு வந்தது. உமக்கும் தெரிந்திருக்கும். நான்தான் போய்ச் சொன்னேன். அதிலிருந்து பிள்ளைகள் ஓதுவதற்கு வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். தன் வாயால்தான் தம்பி போனான் என்று லாத்தா அழுகிறாள். நான் சமாதானம் சொன்னால் திரைக்குள்ளிருந்து பதில் வருவதில்லை.

எல்லாம் என்னால் வந்தது. கௌரவம் செய்கிறேன் என்று உம்மைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். காலேஜ் துரையின் ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்ல ஆசைப்பட்டு ஐந்து வருஷம் உழைத்தேன், அந்த உழைப்பு எல்லாம் உமக்கு எதிரான வழக்குக் கட்டாக மாறிவிட்டது. சென்னை சர்க்காருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அதை அனுப்பலாமா என்று உம்மைக் கேட்காமல் அனுப்ப இப்போது பயமாக இருக்கிறது. என்னை மன்னித்தேன் என்று ஒரே ஒரு வரி எழுதும். அது இல்லாமல் என்னால் காலேஜுக்குப் போய் நிற்க முடியவில்லை.

பூதலிங்கம்

*

முகாமிலிருந்து,
20-4-1915

பூதலிங்கத்துக்கு,

உம் கடிதம் கிடைத்தது. இரண்டு இடத்தில் மை தடவியிருந்தார்கள். மற்றது எல்லாம் வாசிக்க முடிந்தது. வண்டியில் ஒன்று கேட்டதாகக்கூட எழுதாமல் இருக்க உமக்கு முடியவில்லை. அது என்ன என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தெரியாது என்றேன்.

மனு அனுப்ப வேண்டாம். எனக்காக இனி எதையும் எழுதிக் கொடுக்காதேயும். நீர் எழுதுகிற ஒவ்வொரு காகிதமும் என் கட்டில் சேருகிறது. கட்டு பெரிதாக ஆக, நானும் பெரிய ஆள் என்று நினைக்கிறார்கள். சண்டை முடியும்வரை இங்கேதான் என்று உத்தரவு. சண்டை எப்போது முடியும் என்று கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை.

ஒரு வரி கேட்டிருந்தீர். மன்னித்தேன் என்று எழுதினால், எதை மன்னித்தாய் என்று கேட்பார்கள். மன்னிக்கவில்லை என்று எழுதினாலும் அதே கேள்விதான். ஆகையால் அதை எழுத்தில் கேட்காதேயும்.

இருமல் விடவில்லை. வாப்பாவிடம் சொல்லவேண்டாம்.

லாத்தாவைப் பற்றி எழுதியிருந்தீர். நீர் ஞாயிற்றுக்கிழமை போய், திரைக்கு வெளியே நின்று, பதில் வராவிட்டாலும் இதை மாத்திரம் சொல்லிவிட்டு வாரும். நான் எழுதியதைத்தான் அவள் வாசித்தாள். நன்றாக வாசித்தாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாமல் ஓதிக்கொடுக்கச் சொல்லும்.

உமக்கும் ஏதாவது சொல்லவேண்டும் என்று இரண்டு நாள் தாளை வைத்துக்கொண்டு யோசித்தேன். தாள் முடிந்துவிட்டது.

காஜா முகைதீன்